மேடை கோணல்

குணசுந்தரியின் வீட்டில் உப்பு டப்பாவை யாரும் நகர்த்த முடியாது. கெடா மாநிலத்துப் பாக்கார் ஆராங்கில் வரிசை வீடு, சின்ன அடுப்படி. அடுப்புக்கு வலப்பக்கம் உப்பு, அதன் பின்னால் மிளகாய்த்தூள், அதற்கும் பின்னால் மஞ்சள். கணவன் விக்னேஸ்வரன் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். எப்போதாவது தேநீர் கலக்கப் போய்ச் சீனி டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டால் அவ்வளவுதான். "இது வீடா, இல்ல ஆபரேஷன் ரூமா லா?" என்பான். அவள் டப்பாவை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, இன்னும் ஒரு விரற்கடை தள்ளி வைப்பாள்.

இருந்த இடத்தில் அவளால் ஐந்து நிமிடம் இருக்க முடியாது, ஆனால் பொருள்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமாம். நல்ல நியாயம்! காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் அம்மா பாப்பம்மா சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாள். கோயிலில் தீபாராதனை முடியுமுன் குணசுந்தரி செருப்பைத் தேடுவாள். கல்யாண வீட்டில் பாயசம் வருமுன் கை கழுவிவிடுவாள். தினமும் விடிந்ததும் தன் பழைய காரை நெடுஞ்சாலையில் வடக்கே விரட்டிக்கொண்டு அலோர் ஸ்டாருக்கு வேலைக்குப் போவாள்.

வேலை அங்கே ஒரு சின்ன விமானப் பயிற்சிப் பள்ளியில். விமான நிலையத்தின் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை, ஓர் ஆபீஸ் அறை, நான்கு சிறு விமானங்கள், அவ்வளவுதான் பள்ளி. ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று விமானங்களைக் கூப்பிடுவார்கள். விமானியின் முன்னால் இருக்கிற பலகையில் எது எரிகிறதோ, எது சுற்றுகிறதோ, எது பேசுகிறதோ, அதெல்லாம் குணசுந்தரியின் பொறுப்பு. பள்ளியை நடத்துகிற சீன முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் அழைத்தார்கள். நல்ல மனிதர். எதையும் இன்றைக்கே செய்ய வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவருக்குப் பிறவியிலேயே இல்லை.

நான்கு விமானங்களையும் தவுக்கே நான்கு ஊரில், நான்கு காலத்தில் வாங்கியிருந்தார். அதனால் நான்கின் பலகைகளும் நான்கு ஓரகத்திகளின் அடுப்படி மாதிரி இருந்தன. ஒன்றில் எரிபொருள் பம்பின் சுவிட்ச் இருந்த இடத்தில் இன்னொன்றில் விளக்கின் சுவிட்ச் இருந்தது. திங்கட்கிழமை ஆல்ஃபாவில் பறந்த பயிற்சி மாணவர் செவ்வாய்க்கிழமை சார்லியில் ஏறினால் கை ஒரு கணம் தடவும். தரையில் அந்த ஒரு கணம் ஒன்றுமில்லை. மேலே போனால்தான் அதன் விலை தெரியும்.

பழைய ஊசிக் கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதிய திரைகளைப் பொருத்தத் தவுக்கே ஒருவழியாகச் சம்மதித்தபோது, குணசுந்தரி அதோடு நிற்கவில்லை. ஒரு குளிர்ப்பெட்டி வந்த அட்டையை வெட்டி, விமானப் பலகையின் அளவுக்குச் செதுக்கி, எந்தச் சுவிட்ச் எங்கே வர வேண்டுமோ அங்கே துளை போட்டாள். அந்த அட்டையை எந்த விமானத்தில் வைத்தாலும் எல்லாச் சுவிட்சும் துளை வழியாகத் தலையை நீட்ட வேண்டும் என்றாள். தலைமைப் பயிற்சியாளர் கேப்டன் சுப்பிரமணியம் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். முப்பது வருடம் பறந்தவர் அவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த நான்கு பலகையும் அவர் கைக்குத் தெரியும்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். அந்த மாதிரி இருக்கு ஒன் கத. கத்துக்கிட்டவனுக்கு எங்க இருந்தா என்ன?"

"மேடை நெசமாவே கோணலா இருந்தா, கேப்டன்? யாராச்சும் ஒரு தடவ குனிஞ்சு பாத்திருக்கீங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. அவளும் அட்டையைக் கீழே வைக்கவில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் விமானம் அல்ல, டிராக்டர். குணசுந்தரி பிறந்தது புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில். அப்பா பழனியாண்டி அங்கே டிராக்டர் ஓட்டினார். ஓட்டுநர் என்றால் லயத்தில் தனி மதிப்பு. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு அவர் வரும்போது பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள், மகள் முன்னால் ஓடுவாள். தோட்டத்தில் முதலில் ஒரு சிவப்பு டிராக்டர் இருந்தது. பிறகு நீலத்தில் ஒன்று வந்தது. சிவப்பு பழுதானால் நீலம், நீலத்துக்கு வேறு வேலை வந்தால் சிவப்பு என்று மாற்றி மாற்றி அவர் ஓட்டினார். ஒருநாள் முன்னால் போக வேண்டிய நீல வண்டி பின்னால் போனது. பின்னால் குலை ஏற்றிக்கொண்டிருந்த கூட்டாளியின் பாதத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. பாதம் மட்டும் முன்போல் ஆகவில்லை. தோட்டத்து ஆபீசில் கவனக்குறைவு என்று முடிவு செய்து பழனியாண்டியைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். கால் நசுங்கிய கூட்டாளியே, "விடுப்பா பழனி, வேணும்னா பண்ணே?" என்று சொல்லிவிட்டான். பழனியாண்டி விடவில்லை. "என் கைதான் தப்பு பண்ணிருச்சு" என்பதை அன்று சொல்ல ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தவே இல்லை. அதற்குப் பிறகு டிராக்டரை மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளைக்கூட அவர் தொட்டதில்லை. பாசாருக்குப் போக வேண்டுமானால் யார் பின்னாலாவது உட்கார்ந்து போவார். எந்த இயந்திரத்தின் பக்கம் போனாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நாய் கடிக்கும் என்று பயப்படுகிறவனைப் பார்த்திருக்கிறோம், தன் கையே கடிக்கும் என்று பயந்தவர் அவர் ஒருவர்தான்.

குணசுந்தரி வளர்ந்து, தொழில்நுட்பம் படித்து, சுபாங் விமான நிலையத்தில் பெரிய விமானங்களுக்குக் கீழே சில வருடம் படுத்துக் கிடந்து, கல்யாணத்துக்குப் பிறகு கெடாவுக்கே திரும்பி வந்தாள். இயந்திரங்களோடு பழகப் பழக அவளுக்குள் ஒரு சந்தேகம் முளைத்து, பிறகு அது நம்பிக்கையாகவே ஆகிவிட்டது. அப்பாவின் கை சரியாகத்தான் போயிருக்கும். போன இடத்தில் வேறு எதுவோ இருந்திருக்கும். இதை அவரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. டிராக்டர் என்று வாயெடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார்.

ஆல்ஃபா, பிராவோ, சார்லி மூன்றும் முடிந்தன. மூன்றிலும் அட்டை அச்சாகப் பொருந்தியது. மிஞ்சியது டெல்டா. மூன்று புதுசு, ஒன்று பழசு என்ற அந்த இடைக்காலம்தான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. நான்கும் பழசாக இருந்தபோது எல்லாருக்கும் ஒரு பயமாவது இருந்தது. இப்போது மாணவர்களின் கை மூன்று விமானங்களில் ஒரே மாதிரி பழகி, பயம் தெளிந்து, அதே தைரியத்தோடு நான்காவதில் ஏறும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

டெல்டாவில் அவளை மிகவும் உறுத்தியது ஒரு கறுப்புக் குமிழ். ஒரு சிறு விமானம் தன் உயரத்தையும் வேகத்தையும் அறிந்துகொள்ள வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக உடலின் இடப்பக்கம், கதவுக்குச் சற்று முன்னால், காசு அளவுக்கு ஒரு வட்டத் தகடும் அதன் நடுவில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளையும் இருக்கும். அது அடைபட்டால் உயரமும் பொய், வேகமும் பொய். புதுத் திரை போட்டாலும் சரி, பழைய ஊசி இருந்தாலும் சரி, மூச்சு விடுகிற மூக்கு அது ஒன்றுதான். அடைபட்டுவிட்டால், உள்ளே இருக்கிற அந்தக் கறுப்புக் குமிழை இழுக்க வேண்டும். விமானத்துக்குள் இருக்கிற காற்றை எடுத்துக்கொண்டு கருவிகள் பிழைத்துக்கொள்ளும். மற்ற மூன்றிலும் குமிழ் விமானியின் இடக்கைப் பக்கம் இருந்தது. டெல்டாவில் மட்டும் அது வலப்பக்கக் கோடியில், பக்கத்து இருக்கைக்காரரின் முழங்காலுக்கு மேலே இருந்தது.

அதை இடம் மாற்ற அரசாங்க அனுமதி வேண்டும். கேட்டாகிவிட்டது, வரவில்லை. "அதுவரைக்கும் டெல்டாவ நிறுத்திருங்க தவுக்கே" என்று தினமும் போய் நின்றாள்.

"பெலான் பெலான் லா, குணா" என்றார் தவுக்கே. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மூன்று விமானத்தை வைத்துக்கொண்டு அத்தனை மாணவர்களையும் எப்படிச் சமாளிப்பது என்பது அவர் கவலை.

கேப்டன்தான் சமாதானம் சொன்னார். "டெல்டாவுல ஒரு பிள்ளையையும் தனியா அனுப்ப மாட்டேன். நான் கூடப் போவேன். போதுமா?"

போதவில்லை. ஆனால் அதற்கு மேல் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வருடமும் ஆயுத பூஜை வந்தது. பள்ளியில் அது பெரிய நாள். கொட்டகையைக் கழுவி, நான்கு விமானங்களையும் துடைத்து, வரிசையாக நிறுத்துவார்கள். பழம், பூ எல்லாம் தவுக்கே தானே போய் வாங்கி வருவார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பெலான் பெலான் கிடையாது. குணசுந்தரி அப்பாவையும் அழைத்து வந்திருந்தாள். வழக்கம்போல் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார். மூன்று விமானங்களுக்கு அவளே சந்தனம், குங்குமம் வைத்தாள். டெல்டாவிடம் வந்தபோது என்ன தோன்றியதோ, கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினாள்.

"இதுக்கு நீங்க வைங்கப்பா."

"ஐயையோ, நான் எதுக்கு ஆயி? நீயே வையி."

"ஓட்டவா சொல்றேன்? பொட்டுதானேப்பா. வைங்க."

பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்து, கிண்ணத்தை அவளே திணித்தாள். அவர் தயங்கித் தயங்கித்தான் கிட்டப் போனார். முதலில் மூக்கில் ஒன்று வைத்தார். விமானம் ஒன்றும் செய்யவில்லை. சக்கரங்களுக்கு வைத்தார். பிறகு கதவுப்பக்கம் வந்து, விரலால் மெதுவாக உடலைத் தடவிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு களை. பழைய டிராக்டர்காரர் எட்டிப் பார்த்தது போல் இருந்தது. அன்று குணசுந்தரி விமானத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விமானங்களை அவசரமாக உள்ளே தள்ளிக் கதவை இழுத்து மூடினார்கள்.

மறுநாள் காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்குப் பர்ஹானா தனியாகப் பறக்க வேண்டிய நாள். சுங்கை பட்டாணியில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் முகம்மது கவுசின் மகள். கடையிலிருந்து கறிப் பொட்டலம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்து, எல்லாருக்கும் செல்லமாகிவிட்ட பெண். அவளுக்கு ஒதுக்கியிருந்த பிராவோவின் திரை அன்று உயிர் பெறவே இல்லை. ஆல்ஃபாவும் சார்லியும் ஏற்கெனவே மேலே போய்விட்டன. குணசுந்தரி பிராவோவுக்குள் மல்லாக்கப் படுத்து, பலகைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டாள். பர்ஹானாவோ யூனிபார்மோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள். கேப்டனுக்குப் பாவமாகப் போய்விட்டது.

"டெல்டாவ எடுத்துக்க. என்கூட மூணு தடவ அதுல வந்திருக்க. ஒரே ஒரு சுத்து. வெளிய நல்லாப் பாத்துட்டு ஏறு."

கொடுத்த வாக்கு அவ்வளவு லேசாகக் காற்றில் போனது. பலகைக்கு அடியில் கிடந்த குணசுந்தரியின் காதில் அது விழவில்லை.

டெல்டா ஓடுபாதையில் ஓடி மேலெழும்பியது. கேப்டன் கொட்டகை வாசலில் வானொலிக் கருவியோடு நின்றார். வயல்களுக்கு மேலே இன்னும் சரியாக ஏறக்கூட இல்லை, பர்ஹானாவின் குரல் கீச்சென்று வந்தது.

"கேப்டன், ஸ்பீட் எறங்குது! ஏற ஏற எறங்குது! உயரம் மாறவே இல்ல!"

வேகம் குறைந்தால் விமானம் விழும் என்பது முதல் நாள் பாடம். அவள் மூக்கைக் கீழே சாய்த்தாள். டெல்டா வயலைப் பார்த்து இறங்கியது. இறங்கினதும் ஊசி கொஞ்சம் ஏறியது. அவள் தூக்கினாள், ஊசி மறுபடி விழுந்தது. மறுபடி சாய்த்தாள்.

"ஊசியப் பாக்காதம்மா! வெளிய பாரு. இன்ஜின் சத்தம் நல்லாத்தானே இருக்கு? மூக்க நேரா வச்சுக்க. குமிழ இழு, குமிழ!"

"இல்ல கேப்டன்! இங்க ஒண்ணுமே இல்ல! எடத்துல இல்ல!"

கேப்டன் வாயைத் திறந்தார். அவருடைய வலக்கை தானாக நீண்டு காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. முப்பது வருடமாகக் கைக்குத் தெரிந்த இடம். அது எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்ல மட்டும் அந்த நேரத்தில் அவருக்குச் சொல் வரவில்லை. "அதான்மா... அந்தப் பக்கம்... அங்க..." என்று குழறினார்.

எடத்துல இல்ல என்ற சத்தம் வானொலியில் கேட்டு எழுந்த குணசுந்தரியின் நெற்றி பலகையில் இடித்தது. ரத்தம் வந்தது அவளுக்குத் தெரியாது. ஓடிவந்து கேப்டன் கையிலிருந்து வானொலியைப் பிடுங்கினாள். அந்த அலைவரிசையில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். பதற்றத்தில் அந்த இருவரும் ஏற்கெனவே அதை மறந்திருந்தார்கள், அவளும் தமிழிலேயே பேசினாள்.

"பர்ஹானா, குணாக்கா பேசறேன். ஒன் கைய எடுத்திரு, அங்க தேடாத. மொதல்ல வெளிய பாத்து நேரா புடி. புடிச்சிட்டியா?"

"ம்ம்."

"இப்ப சோத்துக்கைய நீட்டு. பக்கத்து சீட்ல ஒங்க வாப்பா உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்க. அவரு முழங்காலுக்கு மேல, பலகைக்கு அடியில. கறுப்பு. தட்டுப்படுதா?"

 எட்டுவதற்காக அவள் சாய்ந்திருக்க வேண்டும், டெல்டாவின் ஒரு சிறகு மெல்லச் சரிந்தது.  விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் தமிழ் தெரியாவிட்டாலும் குறுக்கே பேசாமல் இருந்தார்கள், அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

"இழுத்துட்டேன். இழுத்துட்டேன் அக்கா. ஊசி வருது."

சிறகு நிமிர்ந்தது. ஒரு சுற்று சுற்றி, இரண்டு தடவை குதித்து, டெல்டா தரையில் நின்றது. இறங்கிய பர்ஹானா நான்கு எட்டு வைத்து அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். குணசுந்தரி அவளை நோக்கித்தான் ஓடினாள். ஓடும்போதே டெல்டாவின் இடப்பக்கம் கண்ணில் பட்டது. அந்த வட்டத் தகட்டின் மேல், துளையை நிறைத்து, சந்தனம் காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. அதன் நடுவில் குங்குமம். அந்தத் தகடும் பொட்டு வை என்று நெற்றியைக் காட்டிக்கொண்டுதான் அத்தனை காலம் நின்றிருக்கிறது. எவ்வளவு அழகாக, எவ்வளவு பக்தியாக வைத்திருக்கிறார்! 

ஆபீஸ் அறையில் தவுக்கே எழுத உட்கார்ந்தார். நடந்ததை மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், யாரால் நடந்தது என்றும் சொல்ல வேண்டும்.  கேப்டனின் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"ஏர்றதுக்கு முன்னால சுத்திப் பாக்கறது யாரு வேல? இவ்ளோ பெரிய பொட்டு ஒன் கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சிச்சு கேப்டன்" என்றாள் பர்ஹானா.  "அது ஒங்க சாமிக்கு வச்ச பொட்டு. நான் எப்படி அழிக்கறது? நான் போயி அழிச்சா தப்பா நெனப்பீங்கன்னு... அதான் தொடல."

 தவுக்கேவுக்கு மட்டும் மலாயில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். கேப்டன் மட்டும் விடவில்லை. தெரிந்தும் ஏறினாள் என்றால் அது கவனக்குறைவுதான், கொஞ்ச காலத்துக்கு இந்தப் பெண்ணை நிறுத்தி வைக்க வேண்டியதுதான் என்றார்.

கவனக்குறைவு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் குணசுந்தரிக்குப் புல் வெட்டும் கத்தியும், பின்னால் கட்டிய இரண்டு கைகளும்தான் தெரிந்தன. பேசாமல் இருந்தால் அப்பாவின் பெயர் வெளியே வராது. பழி இந்தப் பெண்ணோடு போய்விடும். அதையும் ஒரு நொடி நினைத்துப் பார்த்தாள்தான், பொய் சொல்வானேன்.

"பொட்டு வச்சது எங்கப்பா" என்றாள். "வைக்க மாட்டேன்னு சொன்னவரு கையில கிண்ணத்தத் திணிச்சது நான். யாரு கைன்னு எழுதணும்னா எல்லாக் கையையும் எழுதுங்க. அவரு வச்சாரு, நான் பாக்கல, இவ அழிக்கல. ஆனா அங்க ஒரு தொளை இருக்குன்னு சொல்ல ஒரு செகப்பு வட்டமாச்சும் போட்டிருந்தோமா? நிறுத்துனா மூடி வைக்க ஒரு மூடி இருந்துச்சா? கை போன எடத்துல குமிழ் இருந்துச்சா? இந்தப் பொண்ணு கை சரியாத்தான் போச்சு, கேப்டன். நாமதான் அங்க ஒண்ணும் வைக்கல!"

கத்திவிட்டாள். கத்திய பிறகு நெற்றியில் வலி தெரிந்தது. கேப்டன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"காலையில நானும் டெல்டாவ சுத்தி வந்தேன்" என்றார். "அந்தப் பொட்டப் பாத்தேன். பாத்துட்டு, தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு வந்தேன். முப்பது வருஷம் லா, குணா. கையால தொட்டேன்."

அவர் தவுக்கே பக்கம் திரும்பி, அதையும் எழுதச் சொன்னார். தனியாக அனுப்பமாட்டேன் என்ற வாக்கை மீறியதையும் எழுதச் சொன்னார். தவுக்கே எழுதிய தாளில் கடைசியில் கவனக்குறைவு என்ற சொல் வரவில்லை. டெல்டாவை அன்றே கொட்டகையின் கோடியில் கட்டிப் போட்டார்கள், அதற்குப் பெலான் பெலான் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே வரும்போது கேப்டன் அவள் காதில் மட்டும் விழும்படி, "மேடை கோணல்தான்" என்றார். அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் நேராக அப்பா இருக்கிற புக்கிட் செலம்பாவுக்கு ஓட்டினாள். சொல்லாமல் விடலாம். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்காது. அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். அவள் நெற்றியில் பிளாஸ்திரியைப் பார்த்துப் பதறி எழுந்தார். உட்கார வைத்து, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெண் பத்திரமாக இருக்கிறாள் என்பதை முதலிலும் சொன்னாள், கடைசியிலும் சொன்னாள்.

பழனியாண்டி மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தார். வலக்கையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார், நாற்காலியின் முதுகு தடுத்தது.

"மறுபடியும் என் கைதானா ஆயி?"

அவள் இத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டாள். யோசித்துக் கேட்கவில்லை, தாங்க முடியாமல்தான் கேட்டாள்.

"அப்பா, அந்தச் செகப்பு டிராக்டர்ல மொத கியர் எங்க இருந்துச்சு?"

அவர் எழுந்து போய்விடுவார் என்று பயந்தாள். அவர் போகவில்லை.  அவருடைய கை மட்டும் முன்னால் வந்தது. இல்லாத ஒரு தடியைப் பிடித்து, இடப்பக்கம் இழுத்து, மேலே தள்ளியது. எத்தனை வருடம் ஆனால் என்ன, கை தடுமாறவே இல்லை.

"இங்க."

"நீலத்துல பின்னால போற கியரு?"

கை மறுபடி தடியைப் பிடித்தது. இடப்பக்கம் இழுத்தது. மேலே தள்ளியது.

தள்ளிய கை அங்கேயே காற்றில் நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்தார். கீழே இறக்கி, மறுபடி முதலிலிருந்து செய்து பார்த்தார். சிவப்பு. பிறகு நீலம். மூன்றாவது தடவை அவர் உதடு கோணிக்கொண்டது.

"ஒரே எடம்" என்றார். "ஆயி, ரெண்டும் ஒரே எடமால்ல இருந்திருக்கு."

குணசுந்தரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது. பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவர் போல் அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா? அது கை தப்பு இல்லேன்னு?"

"ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் சொன்னேன்ப்பா."

"எல்லார் முன்னாலயும் இல்ல. அதுகிட்ட சொன்னியா?"

அவள் தலையசைத்தாள், இல்லை என்று.

"போன் போடு. இப்பவே சொல்லு" என்றார் பழனியாண்டி. "எனக்குச் சொன்ன மாதிரி இத்தன வருஷம் கழிச்சு சொல்லாத."